பவுடர் பூசிய நியாயங்கள்

கொழும்பில் ஆஸ்பத்திரிக் கையுறையைப் பற்றிக் கதை எடுத்தால் ஒரே வசனத்தில் முடித்துவிடுவார்கள். "கிளவுஸ் எண்டா கிளவுஸ்தானே, இதில பார்த்து எடுக்க என்ன கிடக்கு?" வெள்ளவத்தையில் பாமசி வைத்திருப்பவரும் இதைத்தான் சொல்கிறார். கொட்டாஞ்சேனையில் இரண்டு அறைகளுக்குள் கிளினிக் நடத்தும் டொக்டரும் இதைத்தான் சொல்கிறார். கொஞ்சம் வாசித்தவர்களிடம் இதே கருத்து நல்ல சட்டை போட்டுக்கொண்டு வரும். இறப்பர் எங்கள் மண்ணில் விளைவது, விரலோடு ஒட்டிப் பிடிப்பது, மலிவு. ஒவ்வாமை என்பதெல்லாம் குளிர்தேசத்து ஆட்களின் வருத்தம். கடன் பட்டு மருந்து இறக்கும் நாட்டில் கையுறையைத் தரம் பிரித்து வாங்கச் சொல்வது வசதி உள்ளவனின் பேச்சு.

இவற்றில் ஒன்று மட்டும் சரி. இறப்பர்ப் பாலில் செய்த கையுறை விரலோடு ஒட்டிப் பிடிப்பது உண்மைதான். நுண்ணிய நரம்பைத் தொட்டு உணர வேண்டிய சத்திரசிகிச்சை நிபுணர் இன்றும் லேற்றெக்ஸைக் கேட்கிறார் என்றால் அது பழக்கதோஷம் அல்ல. இழுபடும், எளிதில் கிழியாது, சிறு துளை விழுந்தாலும் ஓரளவு தானே சுருங்கி மூடப் பார்க்கும். ஆகவே லேற்றெக்ஸை நாட்டை விட்டே துரத்த வேண்டும் என்று நான் எழுத வரவில்லை. மாவு தூவிய லேற்றெக்ஸோடுதான் என் முதல் சண்டை. எந்த வேலைக்கு, யாருடைய கைக்கு, யாருடைய உடம்புக்கு என்று கேளாமல் எது மலிவோ அதையே எல்லாவற்றுக்கும் கட்டியடிக்கிற வழக்கத்தோடு இரண்டாவது சண்டை.

மாவிலிருந்து தொடங்குவோம். கையுறைக்குள் இருக்கும் வெள்ளைப் பொடி சோளமா. அதற்கு முன் முகப்பவுடர் செய்யும் டால்க் தூவினார்கள். அது நோயாளியின் வயிற்றுக்குள் உதிர்ந்து திசுக்கட்டிகளை உண்டாக்கியது தெரிந்தபின் சோளமாவுக்கு மாறினார்கள். சோளமா உடம்பில் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. அதுவும் முழுதாகக் கரையவில்லை. குடலோடு குடல் ஒட்டிக்கொள்வதற்கும் அழற்சிக்கும் அது காரணமாவதைச் சத்திரசிகிச்சை நிபுணர்களே எழுதி வைத்தார்கள். அதைவிடப் பெரிய சங்கடம் காற்றில் இருந்தது. இறப்பர்ப் பாலில் இயற்கையாகவே புரதங்கள் உண்டு. கழுவிப் போகாமல் எஞ்சும் புரதம் இந்த மாத்துகளில் ஒட்டிக்கொள்கிறது. கையுறையைப் படாரென்று உருவி எறியும்போது அந்தத் தூள் புரதத்தையும் சுமந்துகொண்டு எழும்புகிறது. எங்கள் வாட்டுகளில் தலைக்கு மேல் மின்விசிறி ஓயாமல் சுழலும். ஆறாம் கட்டிலில் கழற்றிய கையுறையின் தூளைப் பதினோராம் கட்டிலில் இருக்கும் ஆஸ்துமாக்காரர் சுவாசிக்கிறார். அவர் கையுறையைத் தொடவே இல்லை.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016 டிசெம்பரில் இதை எழுதி முடித்தது. மாத்தூவிய சத்திரசிகிச்சைக் கையுறை, பரிசோதனைக் கையுறை, தனியாகத் தூவும் மாப்பொடி மூன்றையும் 2017 ஜனவரி 18 முதல் முற்றாகத் தடைசெய்தது. அந்த நிர்வாகம் ஒரு மருத்துவ சாதனத்தை அடியோடு தடைசெய்தது அதற்கு முன் ஒரே ஒரு முறைதான்: 1983 இல், வழுக்கைத் தலையில் நட்ட செயற்கை முடியை. எச்சரிக்கை ஒட்டி விற்கலாம், பாவிப்போர் கவனமாக இருக்கட்டும் என்று விட்டுவிடக்கூடிய ஆபத்தாக இதை அவர்கள் கருதவில்லை. ஜேர்மனி இன்னும் முந்திக்கொண்டது. 1990களின் பிற்பகுதியிலேயே மாத்தூவிய லேற்றெக்ஸ் கையுறையை வேலைத்தலங்களிலிருந்து விலக்கியது. அதற்குப் பின்னான ஆண்டுகளில் சுகாதார ஊழியர்களிடையே புதிதாகப் பதிவான லேற்றெக்ஸ் ஆஸ்துமாவும் தோல் ஒவ்வாமையும் செங்குத்தாக விழுந்தன. அங்கே லேற்றெக்ஸ் ஒழிந்துபோகவில்லை. மா போனது, புரதம் குறைந்தது, நோய் இறங்கியது.

"கொழும்பு வெக்கையில மா இல்லாம கை உள்ள போகுமா?" என்பது இதற்கு வழக்கமான பதில். போகும். உள்முகத்தைக் குளோரினால் கழுவி வழுவழுப்பாக்கிய கையுறைகளும், மெல்லிய பொலிமர் பூச்சுள்ள கையுறைகளும் பல ஆண்டுகளாகவே சந்தையில் உள்ளன. கையைக் கழுவிவிட்டு ஈரம் காயாமல் மாட்டினால்தான் அது அடம் பிடிக்கும். ஈரக்கையோடு மாட்டுவதே தோலுக்குக் கேடு. மாவுக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. கையுறையைக் கழற்றியவுடன் அற்ககோல் தடவ வேண்டும் என்பது விதி. மாப்படிந்த கையில் அற்ககோல் விழுந்தால் பசையாகிக் கையெல்லாம் பிசுபிசுக்கும். ஒரு முறை அப்படி ஆனவர் அடுத்த முறை அற்ககோல் போத்தல் பக்கமே போக மாட்டார். உலக சுகாதார ஸ்தாபனம் தன் 2009 கைச்சுகாதார வழிகாட்டியில் மாவற்ற கையுறையை வேண்டி நிற்பதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அடுத்தது "வெள்ளைக்காரன்ர வருத்தம்" என்ற வாதம். இதைச் சொல்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் எப்போதாவது யாரையாவது சோதித்துப் பார்த்தீர்களா? தாதியின் கை வெடித்தால் சவர்க்காரத்தில் பழி. அரிப்பு வந்தால் வெக்கையில் பழி. தும்மல் வந்தால் தூசியில் பழி. மருந்துக்கட்டு அறையில் வேலை செய்யும் என் மச்சாள் ஒருத்தி, விரல் இடுக்குகள் சிவந்து தோல் உரிந்த நிலையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு அதன் மேலேயே கையுறையை மாட்டுவாள். எண்ணெய் லேற்றெக்ஸை இளக்கிப் பலவீனப்படுத்தும் என்று அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை எரிவது எதனால் என்றும் யாரும் கேட்கவில்லை. இலங்கை ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் நடத்திய ஆய்வுகளில் கையுறையோடு வரும் தோல் தொல்லைகள் பதிவாகியே உள்ளன. அந்தச் செய்தி வாட்டுக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

கையில் வருவது எல்லாம் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். வெறும் ஈரமும் உராய்வும் கொண்டுவரும் எரிச்சல் ஒரு வகை. அதுதான் அதிகம். இறப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் தயூரம், காபமேற்று போன்ற முடுக்கிகள் ஒரு நாள், இரண்டு நாள் கழித்துக் கொண்டுவரும் சொறி இன்னொரு வகை. மூன்றாவதுதான் ஆளை விழுத்துவது. புரதத்துக்கு எதிரான உடனடி ஒவ்வாமை: தடிப்பு, மூச்சுத்திணறல், இரத்த அழுத்தம் விழுதல். வயிற்றை எக்ஸ்ரே எடுப்பதற்காக பேரியம் ஏற்றும் குழாயில் இருந்த லேற்றெக்ஸ் பலூனால் நோயாளிகள் இறந்தபின், 1991 இல் அமெரிக்க அரசு எச்சரிக்கை விடுத்தது. முள்ளந்தண்டு மூடாமல் பிறந்து சிறுவயதிலிருந்தே பல முறை கத்திக்குக் கீழ் போகும் பிள்ளைகளிடம் இந்த ஒவ்வாமை மிக அதிகம். அப்படிப்பட்ட பிள்ளைகள் எங்களிடமும் பிறக்கிறார்கள், எங்களிடமும் சத்திரசிகிச்சைக்குப் போகிறார்கள். வாழைப்பழம், ஆனைக்கொய்யா, பப்பாசி, கிவி சாப்பிட்டால் வாய் ஊறல் எடுப்பவர்களில் சிலருக்கு லேற்றெக்ஸும் ஒத்துக்கொள்ளாது. இரண்டிலும் ஒத்த புரதங்கள். வாழைப்பழம் இல்லாத வீடு வெள்ளவத்தையில் எங்கே இருக்கிறது?

கையுறை மருத்துவத்துக்குள் வந்த கதையையே இந்த வாதக்காரர்கள் மறந்துவிட்டார்கள். பால்ற்றிமோரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் வில்லியம் ஹால்ஸ்ரெட் என்ற சத்திரசிகிச்சை நிபுணரின் தலைமைத் தாதி கரோலின் ஹம்ப்ரன். கிருமி கொல்லப் பயன்படுத்திய இரசக் குளோரைட்டு அவருடைய கைகளை அரித்துப் புண்ணாக்கியது. 1889 குளிர்காலத்தில் ஹால்ஸ்ரெட் குட்இயர் கம்பனியிடம் சொல்லி அவருக்காக மெல்லிய இறப்பர்க் கையுறை செய்வித்தார். (அடுத்த ஆண்டே இருவருக்கும் கல்யாணம் ஆனது. கையுறையின் வரலாற்றில் நல்லபடி முடிந்த பகுதி அது ஒன்றுதான்.) நோயாளிக்குக் கிருமி போகாமல் தடுக்கும் சாதனமாகக் கையுறை ஆனது பிறகுதான். தொடங்கியது ஒரு தாதியின் தோலைக் காப்பாற்ற. அதே பொருள் தாதியின் தோலைத் தின்னும்போது "பழகிக்கோ" என்று சொல்வது எந்த ஊர் நியாயம்?

இனி "எங்கட இறப்பர்". இந்தப் பாசத்தில் எனக்கும் பங்கு உண்டு. 1876 இல் கம்பஹா ஹெனரத்கொட தோட்டத்தில் இறப்பர்க் கன்று நட்டதும், 1952 இல் சீனாவுக்கு இறப்பர் கொடுத்து அரிசி வாங்கிய உடன்படிக்கையும் எங்கள் பாடப்புத்தகங்களில் படித்தவைதான். களுத்துறையிலும் கேகாலையிலும் விடியற்காலையில் பால் வெட்டப் போகும் தொழிலாளிகளில் எங்கள் மலையகத்து ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் வெள்ளவத்தைப் பாமசியில் நூறு கையுறை கொண்ட பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் மலேசியா என்றோ தாய்லாந்து என்றோதான் இருக்கும். பியகமவிலும் கொட்டாவையிலும் கையுறை செய்யும் பெரிய ஆலைகள் உண்டு. அவற்றின் உற்பத்தியில் பெரும்பகுதி வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறுகிறது. இலையுதிர் நோயாலும் மரங்கள் வயதேறியதாலும் இறப்பர் விளைச்சல் குறைந்து, நாங்களே இறப்பரை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தும் சில ஆண்டுகள் ஆகின்றன. ஆகவே மலிவான மாக்கையுறையை வாங்குவது களுத்துறைத் தொழிலாளிக்குச் செய்யும் உதவி என்று யாரும் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம்.

அந்த மலிவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். பீங்கானில் செய்த கை அச்சுகள் சங்கிலியில் வரிசையாக ஓடும். முதலில் பாலை உறையவைக்கும் கல்சியம் உப்புக் கரைசலில் தோயும், பிறகு இறப்பர்ப் பாலில் தோயும், பிறகு வெந்நீர்த் தொட்டிகளில் ஊறும், பிறகு சூளையில் வேகும். புரதமும் மிஞ்சிய இரசாயனமும் கழன்று போவது அந்த வெந்நீரில்தான். தண்ணீரை அடிக்கடி மாற்ற வேண்டும், சூடாக்க வேண்டும், சங்கிலியை மெதுவாக ஓட்ட வேண்டும். மூன்றும் பணம். அச்சிலிருந்து லேசாகக் கழற்றவும் கையுறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கவும் மா தூவுவது குறுக்குவழி. மாவை விலக்கினால் குளோரின் கழுவல் என்று இன்னொரு படி கூடும். ஆக, பெட்டிக்குச் சில நூறு ரூபா குறைகிறது என்றால் கழுவாமல் விட்ட புரதத்தைத்தான் தள்ளுபடியாக வாங்குகிறோம்.

காசு இல்லை என்ற வாதத்தை நான் லேசாக எடுக்கவில்லை. 2022 மார்ச்சில் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்தியது. அந்த ஆண்டு முழுவதும் நோயாளியின் ஆட்களிடம் துண்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கிவரச் சொன்ன சாமான்களில் கையுறையும் ஒன்று. அதனால்தான் இது வீட்டாரின் விஷயமாகவும் ஆனது. ஆனால் காசில்லாதவன் செய்ய வேண்டிய முதல் வேலை வீணாகப் பாவிப்பதை நிறுத்துவது. இரத்த அழுத்தம் பார்க்க, நாடி பிடிக்க, வெப்பநிலை எடுக்க, தசையிலோ தோலுக்குக் கீழோ ஊசி போட, நோயாளிக்கு உடுப்பு மாற்ற, சாதாரணமாகக் கையுறை தேவையே இல்லை என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் கையுறைப் பிரசுரம் சொல்கிறது. இரத்தமோ உடற்திரவமோ படும் இடத்தில்தான் தேவை. லண்டனின் கிரேற் ஓமண்ட் ஸ்றீற் சிறுவர் ஆஸ்பத்திரி 2018 இல் இதையே ஓர் இயக்கமாக எடுத்து, தேவையில்லாத இடத்தில் கையுறையைக் கழற்றச் சொன்னது. வாங்கும் எண்ணிக்கையும் செலவும் குறைந்தன, ஊழியர்களின் கைகளும் தேறின. பணக்கார ஆஸ்பத்திரி எண்ணிக்கையைக் குறைத்து மிச்சம் பிடிக்கிறது. நாங்கள் எண்ணிக்கையைக் கூட்டித் தரத்தைக் குறைக்கிறோம்.

வீடுகளிலும் இதே கதைதான். வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் மாடி வீடுகள் நிறைய. பிள்ளைகள் ஸ்காபரோவிலோ லண்டனிலோ. இங்கே எண்பது தாண்டிய அம்மாவும் அவரைப் பார்க்க அற்றெண்டனாக ஒரு பிள்ளையும். காலையில் அந்தப் பிள்ளை ஒரு சோடி கையுறை மாட்டினால் மலம் துடைப்பது, மேல் கழுவுவது, காலுக்கு நல்லெண்ணெய் தடவுவது, குளிசை எடுத்துக் கொடுப்பது, புட்டு ஊட்டுவது எல்லாம் அதே சோடியில். "சுத்தமான பிள்ளை, கிளவுஸ் இல்லாம அம்மாவைத் தொடாது" என்று வீடியோ அழைப்பில் மகளுக்குப் புகழாரம். கையுறை போட்ட கையை யாரும் கழுவுவதில்லை. அதுதான் அந்தக் காலையின் ஆபத்து. நல்லெண்ணெயில் ஊறிய லேற்றெக்ஸ் பத்து நிமிடத்துக்குப் பிறகு எவ்வளவு தாங்கும் என்பது வேறு கதை. அந்தப் பிள்ளைக்குத் தேவை மாவற்ற நைத்திரைல் (செயற்கை இறப்பர்) கையுறை நாலைந்து சோடி, எண்ணெய் பூச வெறுங்கை, இடையிடையே சவர்க்காரம்.

கடைகளைப் பற்றியும் ஒரு சொல். காலி வீதியில் கடற்கரைப் பக்கம் பார்த்திருக்கும் பாமசிகளில் பின்னேர வெயில் நேரே கண்ணாடிக்குள் விழும். கையுறைப் பெட்டிகளை அந்தக் கண்ணாடி ஓரத்தில் அடுக்குவார்கள். வெப்பமும் வெயிலும் லேற்றெக்ஸை மொறுமொறுக்க வைக்கும். ஒரு கடையில் மாவற்றது கேட்டபோது நின்ற அண்ணை, "அது ஓடர் குடுத்தா வரும் தங்கச்சி, இதத்தான் எல்லாரும் எடுக்கிறவை" என்று மங்கிப்போன பெட்டி ஒன்றை நீட்டினார். எல்லாரும் எடுப்பதற்கான காரணம் அலுமாரியில் அது மட்டும்தான் இருக்கிறது என்பது.

இவ்வளவும் சொன்னபின், நீல நைத்திரைல் கையுறைக்கு நான் கோயில் கட்டவும் போவதில்லை. நைத்திரைலிலும் முடுக்கி இரசாயனங்கள் உண்டு. தயூரத்துக்குச் சொறி வருகிறவருக்குச் சாதாரண நைத்திரைலும் சொறியும், அவருக்கு முடுக்கியற்றது வேண்டும். மலிவு என்று வாங்கும் வினைல் கையுறை உணவு பரிமாறச் சரி, இரத்தத்துக்குச் சரியில்லை. 1999 இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்றில் பாவிக்கும்போது வினைல் 12 இலிருந்து 61 வீதம் வரை கசிந்தது. நைத்திரைல் 1 இலிருந்து 3 வீதம். லேற்றெக்ஸ் 9 வீதத்துக்குள். பெருந்தொற்றுக் காலத்தில் தாய்லாந்திலிருந்து, பாவித்துக் கழுவிச் சாயம் ஏற்றிய கையுறைகள் புதிய நைத்திரைல் என்ற பெயரில் அமெரிக்காவுக்கே போனதை 2021 இல் சிஎன்என் வெளிக்கொண்டு வந்தது. நிறத்தைப் பார்த்து வாங்கினால் இதுதான் நடக்கும்.

ஆகவே என் கோரிக்கை கேள்விப்பத்திரத்தோடுதான். மருத்துவ சாதனங்களையும் கட்டுப்படுத்த 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. தாளைச் சரிபாராமல் வாங்கினால் என்ன நடக்கும் என்பதை 2023 இன் இமியூனோகுளோபியூலின் விவகாரம் காட்டியது. அது முன்னாள் சுகாதார அமைச்சரின் கைது வரை போனது. கையுறைக் கேள்விப்பத்திரத்தில் மாவற்றது என்ற சொல் கட்டாயமாக வேண்டும். லேற்றெக்ஸ் என்றால் கரையும் புரதத்துக்கு எல்லை வேண்டும்: அமெரிக்கத் தரநிலை சதுர டெசிமீற்றருக்கு 200 மைக்குரோகிராம் வரை விடுகிறது, நன்றாகக் கழுவுகிறவர்கள் 50க்குள் கொண்டுவருகிறார்கள். ஒரு லீற்றர் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்க்கும் சோதனையில் ஏற்கத்தக்க தர மட்டம் பரிசோதனைக் கையுறைக்கும் 1.5 என்று ஐரோப்பா கேட்கிறது, அமெரிக்கா 2.5 உடன் திருப்திப்படுகிறது. நாங்கள் 1.5 கேட்கலாம். சத்திரசிகிச்சைக்குப் புரதம் குறைந்த லேற்றெக்ஸ், வாட்டுக்கு நைத்திரைல், புற்றுநோய் மருந்து கலக்கும் இடத்துக்கு அந்த மருந்துகளுக்கென்றே சோதித்தது என்று வேலைக்கு வேலை பிரித்துக் கேட்கலாம். பெருந்தொற்றுக்குப் பின் உற்பத்தி மிஞ்சி நைத்திரைல் விலை விழுந்துவிட்ட நிலையில், "எட்டாத விலை" என்பது பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு சொல்லும் கதை.

இதில் ஒரு பகுதிக்குக் கேள்விப்பத்திரமும் வேண்டாம், காசும் வேண்டாம். அனுமதிப் படிவத்தில், பல் வைத்தியரின் அட்டையில், பிரசவ விடுதியின் புத்தகத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும்: பலூன் ஊதினால் உதடு வீங்குமா, இறப்பர்க் கையுறை பட்டால் கடிக்குமா, வாழைப்பழம் ஒத்துக்கொள்ளாமல் போகுமா? ஆம் என்கிறவரை அன்றைய சத்திரசிகிச்சைப் பட்டியலில் முதல் ஆளாகப் போட வேண்டும். முந்திய இரவே தியேட்டரிலிருந்து லேற்றெக்ஸ் சாமான்களை அகற்றி வைத்திருந்தால், விடியற்காலையில் அங்கே காற்றில் தூள் ஆகக்குறைவாக இருக்கும்.